தப்பு எத்தனை சதவீதம்?

2017 ஜனவரியில் கோயம்புத்தூரில் ஒரு விபத்து. பைக்கில் போய்க்கொண்டிருந்த பொறியியல் மாணவர், முன்னால் போன கார் நெடுஞ்சாலையில் சட்டென்று நின்றதும் அதன் பின்புறத்தில் மோதிச் சாலையில் விழுந்தார். பின்னால் வந்த பேருந்து அவருடைய இடது காலில் ஏறியது. காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. உடன் வந்த கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் வந்ததால் நிறுத்தினேன் என்றார் காரை ஓட்டியவர். விசாரித்த தீர்ப்பாயம், கார் மேல் தப்பே இல்லை, பேருந்து மேல் 80 சதவீதம், மாணவர் மேல் 20 சதவீதம் என்றது. உயர் நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டு, கார் 40, பேருந்து 30, மாணவர் 30 என்று பிரித்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் மாற்றியது: கார் 50, பேருந்து 30, மாணவர் 20. மொத்த இழப்பீடு சுமார் 1.14 கோடி ரூபாய் என்று அங்கே கணக்கிடப்பட்டது. அந்தத் தொகையில் பத்து சதவீதம் இப்படியோ அப்படியோ நகர்ந்தால் பதினோரு லட்சத்துக்கு மேல் கை மாறும்.

மூன்று இடத்திலும் விபத்து ஒன்றுதான், கையில் இருந்த காகிதங்களும் அவையேதான். சுழியம் என்று தொடங்கிய கார்க்காரரின் பங்கு பாதியில் போய் நின்றது. நீதிமன்றங்கள் குழம்பிவிட்டன என்று இதற்குப் பொருள் இல்லை. நிறமாலை போல நீண்ட ஓர் அளவில் எங்கே கோடு கிழிப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு முழுமையான விடை ஒன்று எங்கேயும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு, விபத்துக்குப் பிறகு எதிர்வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி 'தப்பு உங்கள் பேரில்தான்' என்று சொல்லும் வாக்கியத்தை எடை போட வேண்டும். அது தீர்ப்பு அல்ல, பணம் கொடுக்க வேண்டிய ஒரு தரப்பின் வாதம். அதை எதிர்க்க நினைப்பவர் 'என் மேல் தப்பே இல்லை' என்று கோபப்படுவதால் பயன் குறைவு. எத்தனை சதவீதம், எந்தக் காகிதத்தை வைத்து என்று கேட்டால்தான் பேச்சு நகரும்.

முதலில், அந்தக் கம்பெனிக்கும் நமக்கும் என்ன உறவு என்பதில் தெளிவு வேண்டும். ஒரு உறவும் இல்லை. பிரீமியம் கட்டியவர் எதிராளி. பாலிசி அவருக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். நம் சொந்தக் கம்பெனி க்ளெய்மை இழுத்தடித்தால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். எதிராளியின் கம்பெனியை அப்படி இழுக்க வழியில்லை. நாம் அதன் வாடிக்கையாளர் இல்லை. நமக்கு அதன் மேல் உரிமை தருவது மோட்டார் வாகனச் சட்டம் மட்டுமே. அந்த உரிமையைக் கேட்கும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், நம் ஊர் வழக்கில் எம்.சி.ஓ.பி. போடுவது. அங்கே வண்டிச் சொந்தக்காரர் பெரும்பாலும் வருவதே இல்லை. 'இன்சூரன்ஸ் இருக்கிறதே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று எக்ஸ்பார்ட்டி ஆகிவிடுவார். தன் வண்டி எப்படி ஓடியது என்று நேரில் அறிந்தவர் வராத இடத்தில், நேரில் எதையும் பார்க்காத கம்பெனி அவருக்காக வாதாடும். இந்த விநோதத்தை யாரும் விநோதமாக நினைப்பதில்லை.

சாலையிலேயே 'ஸாரி சார், கவனிக்கல, நானே பார்த்துத் தர்றேன்' என்று சொன்னவர் மறுநாள் போனை எடுக்காமல் போவதற்கும் ஒரு காரணம் உண்டு. நாட்டில் விற்கப்படும் மோட்டார் பாலிசிகளின் நிபந்தனைகளில், கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்று இருக்கிறது. ஏஜென்ட் அதை நினைவூட்டியதும் அவர் வாயை மூடிக்கொள்கிறார். வாய்வார்த்தையை நம்பி வண்டியை ஓரங்கட்டி, படம்கூட எடுக்காமல் போனவர்தான் இழக்கிறார். வண்டி நின்ற இடம், உடைந்த கண்ணாடிச் சில்லு சிதறிய இடம், டயர் தேய்ந்த தடம், இரண்டு வண்டிகளின் அடிபட்ட பக்கம் இவற்றை நகர்த்துவதற்கு முன் எடுத்த நாலு படம், பிறகு சொல்லும் நாற்பது வாக்கியத்தை விட நிற்கும். எதிர்வண்டியின் எண்ணை வைத்து எம்-பரிவாகன் செயலியில் அதன் இன்சூரன்ஸ் கம்பெனியும் காலக்கெடுவும் தெரிந்துவிடும். பக்கத்துக் கடையின் சிசிடிவியில் சில வாரங்களில் புதுப் பதிவு பழையதை அழித்துவிடும் என்பதால், அதைக் கேட்டு வாங்குவது முதல் வாரத்து வேலை. டாஷ்கேம் இருந்தால் அந்த மெமரி கார்டை அப்படியே எடுத்து வைத்துவிட வேண்டும். நகல் எடுத்துத் தாக்கல் செய்யும்போது மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும்.

காயம் பட்ட வழக்குகளில் சதவீதத்தை முடிவு செய்யும் முதல் காகிதம் போலீஸ் நிலையத்தில் பிறப்பதில்லை, ஆஸ்பத்திரியில் பிறக்கிறது. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் பணி மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி. அங்கே நிற்பது யார்? அடிபட்டவர் நினைவில்லாமல் கிடக்கிறார். ஆட்டோவில் தூக்கிவந்த யாரோ ஒருவர், 'வண்டியிலிருந்து விழுந்துட்டாருங்க' என்கிறார். மருத்துவரின் கவலை தலையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்பது, சதவீதம் அல்ல. அவர் கேட்டதைச் சுருக்கி, இருசக்கர வாகனத்திலிருந்து தானே விழுந்ததாக ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த நோயாளியிடம் போகிறார். இரண்டு வருஷம் கழித்து தீர்ப்பாயத்தில் கம்பெனி வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் எடுத்து வைக்கும் முதல் தாள் அதுவாகவே இருக்கும்: எதிர்வண்டி பற்றி இதில் ஒரு வார்த்தையும் இல்லையே, பிறகு சேர்த்துக்கொண்டீர்களா? அந்த வரி எப்படி வந்தது என்று விளக்க, கூட்டிவந்தவரைச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டும். எளிய முன்ஜாக்கிரதை, கூடப் போகிற உறவினர் மோதிய வண்டியின் எண்ணையும் எந்தப் பக்கம் இடித்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லி எழுதச் சொல்வது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதச் சொல்வதே மேல்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற தொடர் இல்லாத விபத்துப் புகாரைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லாப் புகாரிலும் இருப்பதாலேயே அந்தத் தொடருக்குத் தனி எடை கிடையாது. எடை இருப்பது பக்கத்தில் உள்ள சிறு விவரங்களுக்கு: எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, சாலையின் எந்தப் பாதி, எந்தச் சந்திப்பு, நேரம், விளக்கு எரிந்ததா. புகார் கொடுப்பவர் நேரில் பார்க்காத மைத்துனராக இருந்தால், யார் சொல்லித் தெரிந்தது என்பதையும் அதில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அவரே பார்த்ததாகப் பதிவாகி, பின்னால் குறுக்கு விசாரணையில் தடுமாறுவார். வழக்கு எந்த ஓட்டுநர் பேரில் பதிவாகிறது என்பது அந்த இரவில் யார் முதலில் நிலையத்துக்குப் போனார்கள் என்பதைப் பொறுத்தும் அமைந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் கிடப்பவர் முதலில் போக முடியாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

எஃப்.ஐ.ஆர். நம் பேரில் விழுந்துவிட்டதா, கதை முடிந்தது என்று பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். முடிவதில்லை. குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். உயரழுத்த மின்கம்பியில் உரசிய பேருந்து பற்றிய தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையானபோதும் இழப்பீட்டுப் பொறுப்பு நின்றது. 1980இல் அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், நுணுக்கப் பேச்சுகளில் விழுந்து ஓட்டுநர்களையும் உரிமையாளர்களையும் தப்பவிடக் கூடாது என்று தீர்ப்பாயங்களை எச்சரித்தார். இதன் மறுபக்கமும் உண்டு. நம் பேரில் வழக்குப் பதிவாகி, 'அலைய முடியாது' என்று குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி முடித்துக்கொண்டால், அந்த ரசீது இழப்பீட்டு வழக்கில் நமக்கு எதிராக வந்து நிற்கும். ஒரு நாள் அலைச்சலை மிச்சம் பிடித்ததற்குச் சில லட்சங்கள் விலையாகலாம். நம் மேல் தப்பில்லை என்று உண்மையிலேயே நினைத்தால், அபராதம் கட்டும் முன் இழப்பீட்டு வழக்கு நடத்தும் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

போலீஸ் தயாரிக்கும் பார்வை மகஜரும் ஸ்கெட்ச்சும், மோட்டார் வாகன ஆய்வாளர் தரும் அறிக்கையும் உடலுக்கு அல்லாமல் இடத்துக்கும் வண்டிக்கும் எடுத்த எக்ஸ்ரே மாதிரி. பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஊரில் அழைக்கப்படும் அந்த ஆய்வாளர், பிரேக் வேலை செய்ததா, இயந்திரக் கோளாறு காரணமா என்பதோடு வண்டியில் எந்தெந்தப் பாகம் நசுங்கியிருக்கிறது என்றும் எழுதுவார். எதிராளி 'பைக்தான் குறுக்கே பாய்ந்தது' என்று சொல்லும்போது, அவர் காரின் முன்பக்க வலது விளக்கும் பைக்கின் பின்சக்கரமும் நசுங்கியிருந்தால், பைக் ஏறக்குறையக் கடந்து முடித்த நிலையில் அடிபட்டது என்பது தானாக விளங்கும். ஸ்கெட்ச்சில் பார்க்க வேண்டியது மோதிய புள்ளி சாலை ஓரத்திலிருந்து எத்தனை அடி என்பது. அந்த அளவு குறிக்காத ஸ்கெட்ச்கள் ஏராளம். மோதலுக்குப் பிறகு வண்டிகள் கிடந்த நிலையை மட்டும் வைத்துத் தப்பை நிர்ணயிப்பதும் சரியல்ல. வேகம், இடித்த கோணம், எங்கே பட்டது என்பதைப் பொறுத்து வண்டி எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும் என்று கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'மகஜரைப் பாருங்கள், உங்கள் வண்டி எங்கள் பக்கத்தில் கிடக்கிறது' என்று கம்பெனி சொன்னால், இந்தத் தீர்ப்புதான் பதில்.

பின்னால் இடித்தவன் மேல்தான் எப்போதும் தப்பு என்ற நம்பிக்கை டீக்கடை முதல் கம்பெனி அலுவலகம் வரை வேரூன்றியது. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளில் 23ஆவது விதி, முன்வண்டி திடீரென நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விடச் சொன்னது. அதை வைத்துத்தான் 2018இல் ஒரு வழக்கில், லாரிக்கு 10 முதல் 15 அடி பின்னால் ஒட்டிக்கொண்டு போன காரின் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆனால் அதே விதிகளில் அடுத்த எண், 24, பாதுகாப்புக் காரணம் இல்லாமல் சட்டென்று பிரேக் போடக் கூடாது என்று முன்வண்டிக்காரரையும் கட்டியது. கம்பெனிகள் முதல் விதியை மட்டும் சொல்லும். அது அவர்களுடைய வேலை. இரண்டாவதைச் சொல்வது நம் வேலை. கோயம்புத்தூர் மாணவரும் போதிய இடைவெளி விடவில்லை, அவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் இல்லை. இரண்டையும் உச்ச நீதிமன்றம் குறித்துக்கொண்டது. ஆனாலும் நெடுஞ்சாலையில் எந்தச் சைகையும் காட்டாமல் காரை நிறுத்தியதே விபத்தின் வேர் என்று சொல்லித்தான் காருக்குப் பாதியை வைத்தது. 2024இல் வந்த இன்னொரு வழக்கில், இரவில் விளக்குப் போடாமல் நெடுஞ்சாலையில் விட்டுப் போன 14 சக்கர ட்ரெய்லரில் மோதிய காரின் பேரில் கீழே 50 சதவீதம் பிடித்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்தப் பிடித்தத்தையே ரத்து செய்தது.

இந்த இடத்தில் விதிமீறலையும் விபத்துக் காரணத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கம்பெனிகள் அடிக்கடி இரண்டையும் ஒட்டிவிடும். பைக்கில் மூன்று பேர் போனார்கள், உரிமம் இல்லை, ஹெல்மெட் இல்லை, ஆகவே 10 சதவீதம், 25 சதவீதம் என்று பிடிப்பார்கள். மூன்று பேர் போனது குற்றம். அதற்கு அபராதம் உண்டு. ஆனால் பின்னால் வந்த கார் இடித்ததற்கு அது எப்படிக் காரணமாயிற்று என்று காட்டாமல் இழப்பீட்டில் கை வைக்க முடியாது. 2020இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கி, மூவர் பயணத்துக்காகப் பிடித்த 10 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. வண்டியில் சும்மா உட்கார்ந்து வந்தவர் நிலை இன்னும் எளிது. இரண்டு ஓட்டுநர்கள் தப்பும் சேர்ந்து அவருக்கு அடிபட்டால், முழுத் தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். அவர்களுக்குள் பங்கு பிரிப்பது அவர்கள் பாடு. இது 2015இலேயே உறுதியான சட்டம். ஆனாலும் பயணியிடம் 'உங்கள் டிரைவர் மேலும் தப்பு இருக்கிறது, பாதி அங்கே கேளுங்கள்' என்று சொல்லும் கம்பெனி அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை.

யாருக்கும் காயமில்லை, கார் மட்டும் நசுங்கியது என்றால் நிலைமை வேறு. இங்கேதான் நம் முறையின் அநியாயம் சிறுகச் சிறுக, யாரும் கவனிக்காமல் நடக்கிறது. தனியார் கார் பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. சட்டப்படி அதைக் கேட்டுத் தீர்ப்பாயம் போகலாம். சேதம் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் சிவில் நீதிமன்றத்துக்கும் போகலாம். நடைமுறையில் ஒர்க்‌ஷாப்காரரே 'உங்க இன்சூரன்ஸ்லயே போட்டுடுங்க சார்' என்பார். கம்பெனிகளுக்குள்ளும் அவரவர் வாடிக்கையாளரின் வண்டியை அவரவரே சரிசெய்துகொள்வது, ஒருவரிடம் ஒருவர் கேட்பதில்லை என்ற நாக்-ஃபார்-நாக் ஏற்பாடு உண்டு. அதனால் யார் மேல் தப்பு என்று கேட்க அவர்களுக்கு அவசியமே இல்லை. அவசியம் நமக்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,500 சிசிக்கு உட்பட்ட, மூன்று வயது கடந்து நாலாவது ஓடும் கார். பம்பர் 12,000, உலோக ஃபெண்டர் 8,000, பெயின்ட் 10,000, கூலி 5,000, ஆக 35,000. பிளாஸ்டிக் என்பதால் பம்பரில் பாதி தேய்மானமாகப் போகும். ஃபெண்டரில் 25 சதவீதம் போகும். பெயின்ட் செலவில் நாலில் ஒரு பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 24,750. நம் பணம் 10,250.

அதோடு முடியவில்லை. பழைய காரிலிருந்து மாற்றி வந்த 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் வாங்கிக்கொண்டிருந்தவர் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யத்துக்கு இறங்குகிறார். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50ஐத் தொட வேண்டும். இடைப்பட்ட வருஷங்களில் இழக்கும் தள்ளுபடியைக் கூட்டினால் ஒரு வருஷத்து சொந்தச் சேதப் பிரீமியத்தின் 125 சதவீதம். அந்தப் பிரீமியம் 9,000 என்று வைத்துக்கொண்டால் 11,250. ஆக, சிக்னலில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தபோது அடிவாங்கியவர் கையிலிருந்து 21,500 ரூபாய் போகிறது. ஜீரோ டெப்ரிசியேஷன், போனஸ் பாதுகாப்பு என்று கூடுதல் காப்பு எடுத்தவருக்கு இது பெருமளவு குறையும். அதாவது அடுத்தவர் தப்புக்கு முன்கூட்டியே நாம் பிரீமியம் கட்டுகிறோம்.

இருபதாயிரத்துக்காக வழக்கா என்ற கேள்வி நியாயமானது. வேண்டாம் என்பதே பெரும்பாலும் சரியான விடை. வழக்கறிஞர் கட்டணமும் வாய்தாவும் அதைத் தின்றுவிடும். நாக்-ஃபார்-நாக் ஏற்பாட்டையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு பம்பர் கீறலுக்கும் இரண்டு கம்பெனிகள் மல்லுக்கு நின்றால் அந்தச் செலவும் நம் பிரீமியத்தில்தான் ஏறும். ஆனால் அந்த ஏற்பாடு கம்பெனிகளுக்குள் உள்ளது. அதில் கையெழுத்துப் போட்டது நாம் இல்லை. சேதம் லட்சங்களில் போகும்போது, தேய்மானமும் அதற்கேற்பப் பெருகும். அப்போது மீதியை எதிராளியிடமும் அவர் கம்பெனியிடமும் கேட்பதா என்று யோசிக்க இடம் வைத்துக்கொள்ள வேண்டும். சொந்தக் கம்பெனியின் பணத்தை வாங்கும்போது நீட்டப்படும் டிஸ்சார்ஜ் வவுச்சரில் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று எழுதியிருக்கும். வாசிக்காமல் கையெழுத்திட்டால் அதையே பிறகு எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும். என் பாலிசியின் கீழ் வர வேண்டியதை மட்டும் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி சேர்த்து எழுதச் செலவில்லை. கையில் கொடுக்கல் வாங்கலாகச் சாலையிலேயே முடித்துக்கொள்பவர்களை ஏளனமாகப் பேசுவது வழக்கம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, சிறு சேதத்துக்கு அவர்கள் செய்வது புத்திசாலித்தனம் என்றே தோன்றுகிறது. காயம் எதுவும் இல்லை என்பது நிச்சயமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கம்பெனி தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். கேட்டதையெல்லாம் கொடுத்தால் மோசடிக்காரர்களுக்குத்தானே கொண்டாட்டம்? உண்மை. உத்தரப் பிரதேசத்தில் பொய்யான விபத்து வழக்குகள் குவிந்து, அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015இல் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க வேண்டி வந்தது. வழக்கறிஞர்களே சிக்கிய அந்த விவகாரத்தில் 2021இல் உச்ச நீதிமன்றம் அந்த மாநில பார் கவுன்சிலைக் கண்டித்தது. தானே விழுந்தவருக்கு ஒரு வண்டியைத் தேடிப்பிடித்து ஒட்டுவது எல்லா மாநிலத்திலும் நடக்கக்கூடியதே. ஆகவே கம்பெனி சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் விபத்து நடந்ததா என்ற சந்தேகம் வேறு, நடந்த விபத்தில் பங்கு எவ்வளவு என்ற பேரம் வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதில் சலுகை கேட்பதைத்தான் ஏற்க முடியாது. ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., ஆய்வாளர் அறிக்கை மூன்றும் ஒரே வண்டியை, ஒரே நாளை, ஒரே மோதலைச் சொல்லும் இடத்தில் மோசடிப் பேச்சுக்கு வேலையில்லை.

2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மத்திய விதிகள் இந்தக் காகிதங்களுக்குக் காலக்கெடு வைத்திருக்கின்றன. காயமோ மரணமோ ஏற்பட்ட விபத்தில் போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் தர வேண்டும். இவை தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போகும். பாதிக்கப்பட்டவருக்கும் நகல் உண்டு. இதன் பின்னால் நிற்கும் விபத்துத் தரவுத்தளத்தை உருவாக்கியது சென்னை ஐஐடி. முதலில் சோதித்துப் பார்த்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காலக்கெடு எல்லா நிலையத்திலும் காப்பாற்றப்படுகிறது என்று நம்ப வேண்டியதில்லை. ஆனால் அறிக்கையின் நகலைக் கேட்கும் உரிமை எழுத்தில் இருக்கிறது. அதில் திசையோ, மோதிய புள்ளியோ, சாட்சியின் பெயரோ தவறாக இருந்தால், தீர்ப்பாயத்தில் விசாரணை தொடங்கும் முன்பே போலீஸ் விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கி வைப்பது, பின்னால் 'இதை இப்போதுதான் சொல்கிறீர்கள்' என்ற கேள்வியை அடைக்கும்.

நேரம் யார் பக்கம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கோயம்புத்தூர் வழக்கு 2017இல் தொடங்கி 2025இல் முடிந்தது. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவருக்கு, யார் மேல் தப்பு என்றே கேட்காத, மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆவது பிரிவு இருக்கிறது: மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். அதை வாங்கிக்கொண்டால் கூடுதல் கேட்டுப் போட்ட மனு காலாவதியாகும் என்பதால், சம்பாதிக்கும் வயதுக்காரரின் குடும்பம் அவசரப்பட்டு அதில் இறங்கக் கூடாது. மறுபுறம், எதிராளியின் தப்பைக் காட்டவே முடியாத வழக்குகளில் அது பெரிய ஆறுதல். மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற வரம்பும் 2022 முதல் இருக்கிறது. அந்த வரம்பு செல்லுமா என்பது உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது என்றாலும், அதை நம்பி நாள் கடத்துவது புத்தியல்ல.

போலீஸ் அறிக்கை வந்த பிறகு கம்பெனியின் பொறுப்பு அதிகாரி 30 நாளுக்குள் ஒரு தொகையைச் சொல்லலாம். ஏற்றால் தீர்ப்பாயம் அதைப் பதிந்து, அடுத்த 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். மக்கள் நீதிமன்றத்திலும் ஏறக்குறைய இதே பேச்சுதான் நடக்கிறது. சொல்லப்படுவது ஒரே எண்ணாக இருக்கும்: 'ஒன்பது லட்சம், வாங்கிக்கிறீங்களா?' அந்த ஒன்பது எப்படி வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே கேட்க வேண்டியது இரண்டு எண்களைத் தனித்தனியாக: மொத்த இழப்பீடு எவ்வளவு என்று கணக்கிட்டீர்கள், அதில் எங்கள் பங்குத் தப்புக்காக எத்தனை சதவீதம் கழித்தீர்கள். மொத்தம் 15 லட்சம் என்று போட்டு 40 சதவீதம் கழித்தார்களா, மொத்தத்தையே 10 லட்சமாகக் குறைத்துப் போட்டு 10 சதவீதம் கழித்தார்களா என்பது தெரிந்தால்தான், சண்டை வருமானச் சான்றிதழிலா அல்லது ஸ்கெட்ச்சிலா என்று தெரியும். இரண்டையும் எழுதித் தர மறுக்கிறார்கள் என்றால், 40 சதவீதத்துக்கு அவர்கள் கையில் காகிதம் இல்லை என்று ஓரளவு ஊகிக்கலாம்.